ஊதுபத்திச் சோதனை

யார் வீட்டில் ஜன்னல் அளக்கப் போனாலும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவேன், சார். பீன்யா அலுமினியப் பட்டறையில் மதலைமுத்து என்று கேட்டுப் பாருங்கள். சுத்தமான வேலைக்காரன் என்றுதான் சொல்வார்கள்.

மல்லேஸ்வரம் சுந்தரராமன் வீட்டுக்கும் அப்படித்தான் போனேன். அமெரிக்காவில் மகனோடு நாலு மாதம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஜன்னல் இடுக்கில் காற்றே புகாதாம், கரண்ட் அவ்வளவு மிச்சமாம். பழைய மர ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போடச் சொன்னார். ஒன்பது ஜன்னல். ஒழுங்காகத்தான் போட்டேன்.

அதன்பிறகு ஊதுபத்தி ஆரம்பித்தது. ஒன்றைக் கொளுத்திச் சட்டத்தின் ஓரமாகப் பிடிப்பார். புகை ஆடினால் காற்று வருகிறது என்று கணக்கு. நான் பிரித்து மறுபடி மாட்ட வேண்டும். ஆறாவது தடவை, அவர் மனைவி தமயந்தி அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "நீ மூச்சு விடறதுலதான்டா புகை ஆடறது. அடக்கு" என்றார். அடக்கினேன். அவர் போதும் என்று சொல்லும்வரை அடக்கினேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது, சார். அம்மா சங்கடப்பட்டு உள்ளே போய்விட்டார். நல்ல மனுஷி. அன்றிலிருந்து சுந்தரராமனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

மழைக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோத்து வழிந்தது. இப்படி அடைத்த வீட்டில் குளியலறை ஆவி வேறெங்கே போகும்? அவரோ குளியலறை வென்டிலேட்டரைக் காட்டி, "ஈரக் காத்து இது வழியாத்தான் வரது. இதையும் அடைச்சுடு" என்றார்.

அதற்கு நேர் கீழே கேஸ் கீசர். என்னோடு வேலை பார்த்த அய்யாவு இப்படி அடைத்த குளியலறையில்தான் செத்துப்போனான். தூக்கி வெளியே கிடத்தியவன் நான். கேஸ் எரிய எரிய உள்ளே இருக்கிற காற்று விஷமாகிவிடும். வாடை கிடையாது. ஊதுபத்திக்கும் தெரியாது.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். வாயைத் திறந்தால் மூச்சு வெளியே வந்துவிடுமே.

ஒன்றே ஒன்று கேட்டேன். "காலைல எத்தனை மணிக்கு சார் குளிப்பீங்க? பசை காயணும்."

"ஆறு மணிக்கு. நான்தான் முதல்ல. ஏன்?"

"அதுக்குள்ள காஞ்சிடும் சார்."

வென்டிலேட்டரைக் கண்ணாடி வைத்து அடைத்து, சுற்றிலும் சிலிகான் பசை பூசினேன். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டையும் அடித்தேன். அதை அவர் கேட்கவில்லை, நானாகத்தான் அடித்தேன். ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தார். புகை நேராக நின்றது. "இப்பதான்டா வேலை" என்று முதல் தடவையாகப் பாராட்டினார்.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தமயந்தி அம்மாவை நான் கொன்றதாக எழுதாதீர்கள், சார். அவர்தான் குளிக்கப் போகிறார் என்று தெரிந்திருந்தால், விரல் நுழைகிற அளவுக்காவது ஓர் இடைவெளி விட்டிருப்பேன்.