நல்ல முடிவுக்கும் காரணம் கேட்ட மருத்துவருக்கு

சுரப்பிகளின் சூது அறிந்தவரே! சூல்கொண்ட தாயர்க்குத் துணை நின்றவரே! நல்ல சேதி சொன்னாலும் நெற்றி சுருக்கும் எங்கள் ‘ஏன்’ டாக்டரம்மா அவர்களே! பிரிவுத் துயரைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என ஒத்திவைத்து, தங்கள் முப்பதாண்டுப் பணியைப் போற்ற ஒன்றுகூடி நிற்கிறோம்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புப் படையே சுரப்பிகளைப் பகையென்று தாக்கும் நோய், ஒரு சுரப்பியோடு ஓய்வதில்லை. கணையத்தில் கைவைத்தது தைராய்டையும் தேடிப் போகும். அந்நோயுடைய பெண்களைப் பார்த்து ஊரே உதட்டைப் பிதுக்கியபோது, “பெத்துக்கலாம், ஆனா நான் சொல்றதைக் கேக்கணும்” என்றவர் தாங்கள். கேட்காதவர்களைத் தாங்கள் திட்டிய திட்டு, சட்டம் போட்டு மாட்டும் மடலுக்கு ஒவ்வாது, விட்டுவிட்டோம்.

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பெண்ணுக்குச் சிறுவயது முதல் இன்சுலின். பிறகு தைராய்டு மாத்திரை. கருவுற்ற மூன்றாம் மாதம் வாந்தி ஓயவில்லை. மாசமாக இருந்தால் வராதா என்றார் தலைமைச் செவிலியர் அக்கா. சர்க்கரையோ, பாதி இன்சுலினுக்கே பணிந்து இறங்கிவிட்டது. கூடமே கைதட்டியது. “எல்லாரும் புளிப்பு கேப்பாங்க, இவ உப்பு ஜாடியை மடியிலயே வெச்சிருக்கா” என்று கணவர் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு.

தாங்கள் சிரிக்கவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. ஏன் நல்லா இருக்கு?”

அந்தப் பெண்ணின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தீர்கள். ஜோசியமா டாக்டர் என்று கேட்டார் அவர்.

“ஆமா. ரேகை கறுத்திருக்கு. நீ இன்னைக்கு வீட்டுக்குப் போகலே.”

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்த அட்ரினல் சுரப்பியும் சாய்ந்திருந்தது. ஓயாத வாந்தி, உப்பாசை, தானாய் இறங்கிய சர்க்கரை, கறுத்த ரேகை எல்லாம் அதன் அடையாளங்கள். அது ஓய்ந்தால் உடம்பில் உப்பு நில்லாது, ரத்த அழுத்தம் நில்லாது. தாயும் நில்லாள், சேயும் நில்லாது. ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு ஊசி போட்டீர்கள். மாலையில் வந்த முடிவும் அதையே சொன்னது. காலையில் கைதட்டிய கூடம், தட்டிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டது. ஓய்ந்துபோன சுரப்பிகளுக்குப் பதிலாகத் தாங்களே சுரந்தீர்கள் என்றாலும் மிகையன்று! மாத்திரையைக் கூட்டி, இன்சுலினை மாற்றி, பிரசவ அறையிலும் ஊசியோடு காவல் நின்றீர்கள். மகள் பிறந்து வீறிட்டபோது, நன்றாக அழுகிறாளே என்றோம். அன்று மட்டும் தாங்கள் ஏன் என்று கேட்கவில்லை.

அறிவால் உயர்ந்தவரே! அதட்டலால் அன்பு செய்தவரே! காரணம் கேட்கத் தேவையில்லாத நல்ல நாட்கள் தங்களுக்கு நூறாண்டு தொடர்க! காலைத் தேநீர் ஆறுமுன் குடிக்கக் கிடைக்குக!

இம்மடலை வாசிப்பவர் அந்தப் பெண்ணே. இந்த இடத்தில் குரல் தடுமாறினால் தாங்கள் எழ வேண்டாம், கையை விரித்தும் பார்க்க வேண்டாம். சர்க்கரை சரி. உப்பு சரி. காலை மாத்திரை போட்டாயிற்று. காரணம், தங்கள் பக்கத்து நாற்காலியில், தரைக்கு எட்டாத காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இனி யாரிடம் திட்டு வாங்குவது என்றறியாத,
மகப்பேறு மற்றும் சுரப்பியியல் பிரிவுப் பணியாளர்கள்