ஒன்றாம் எண், இரண்டாம் எண்

ஒரே லென்ஸை எதற்காக இரண்டு வாங்கினீர்கள் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள். கைப்பையில் இன்னொரு கண்ணாடியும் வைத்திருப்பீர்கள், அதே பவரில். விஷயம் அவ்வளவுதான்.

என்னுடையது இருநூறு எம்.எம். லென்ஸ். முக்கால் கிலோ கனம். அரங்கத்தின் கடைசி வரிசையில் நின்றாலும் மேடையில் இருப்பவரின் முகத்தை மட்டும் அள்ளிக்கொண்டு வரும். பின்னால் இருக்கிற திரை, விளக்கு எல்லாம் கரைந்துபோகும். எனக்குப் பிடித்த லென்ஸ் அது ஒன்றுதான். ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில், இன்னும் தொண்ணூறு பேர் மேடையேற வேண்டியிருக்கும்போது அது நின்றுபோனது. கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு ஃபோகஸ் நகரவே இல்லை. அந்தத் தொண்ணூறு பேரின் பெற்றோரும் பின்னால் வந்து என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அதை ரிப்பேர் செய்த கையோடு அதே லென்ஸில் இன்னொன்று வாங்கினேன். பிடித்த சாமானை ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு ஊர் வேலைக்குப் போகிறவன் தொழில்காரனே இல்லை என்பது என் கட்சி.

இரண்டிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒன்று, இரண்டு. பேட்டரி, மெமரி கார்டு, ஃபில்டர் டப்பா எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் உண்டு. எங்கள் ஸ்டூடியோ அலமாரியை நீங்கள் பார்த்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் கேட்டது கிடைக்கும். உங்கள் ஆட்கள் அதைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பரவாயில்லை.

இன்று நான் வந்தது ஒரு வார்த்தைக்காக. என் மனைவியின் வலது கண் போனதைப் பற்றி அவளுடைய அக்கா கொடுத்த புகாரில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறது. டப்பாக்கள் மாறியிருக்கலாம், மனிதன்தானே என்று நீங்களும் பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். அதைத் திருத்த வேண்டும். அதற்கு நான் முதலிலிருந்து வர வேண்டும்.

என் மனைவி ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். நான் எடுத்து வருவேன். அவள் நிறம் சரிசெய்து ஆல்பம் அடுக்குவாள். இரண்டாவது லென்ஸ் வந்தபோதே அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏங்க, அதே லென்ஸ் எதுக்கு இன்னொண்ணு? வேற ஏதாவது வாங்கியிருந்தா புதுசா ஏதாவது எடுக்கலாம்ல?" என்றாள்.

ஒரு வருஷம் அது அலமாரியிலேயே இருந்தது. பிறகு ஒரு நாள், ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்குக் கிளம்பும்போது கேட்டாள். "சும்மாதானே கிடக்குது? பழைய கேமராவுல மாட்டி நானும் ஒரு ஓரமா நின்னு எடுக்கட்டுமா? தொந்தரவு பண்ண மாட்டேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. மாற்று லென்ஸ் சும்மா கிடக்கத்தான் வேண்டும். சும்மா கிடப்பதுதான் அதன் வேலை. இதை அன்றைக்கே எடுத்துச் சொல்லியிருந்தால் நாம் இருவரும் இந்த மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த எல்லாப் படங்களையும் நேர வரிசையில் கலந்து, பெரிய திரையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவோம். பிடித்ததில் அவர்கள் டிக் போடுவார்கள். யார் எடுத்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த ஆண்டு விழாவில் அறுபது படம் கேட்டார்கள். டிக் விழுந்ததில் நாற்பத்தேழு அவளுடையது.

முதல் தடவை சிரித்தேன். கன்னி முயற்சி, அதிர்ஷ்டம் என்று வீட்டுக்கு வரும் வழியில் கேக் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த விழாவிலும் அதேதான். அதற்கடுத்ததிலும் அதேதான். நூல் பிடித்தாற்போல் ஐந்துக்கு நான்கு அவளுடையது. அவள் படங்களை நான் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறேன், மேடம். ஒழுங்கே கிடையாது. பட்டம் வாங்குகிற பையன் சான்றிதழைக் கையில் வாங்குகிற அந்த நொடியில் நான் அழுத்துவேன், அதுதான் முறை. அவள் அப்போது அழுத்த மாட்டாள். அவன் படியிறங்கும்போது கூட்டத்தில் அம்மா எங்கே என்று தேடுவான், அப்போது அழுத்துவாள். தப்பான நேரம். ஆனால் அந்த அம்மாக்கள் திரையில் அதைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டிக் போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நான் அடுத்த படத்துக்கு நகர்த்துவேன்.

போகப் போக, தொலைபேசியில் "அக்கா வருவாங்கல்ல?" என்று என் மனைவியைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் தேதியே கொடுத்தார்கள். பதினெட்டு வருஷம் அனுபவம் எனக்கு. நான் அக்காவின் வீட்டுக்காரர் ஆகிப்போனேன்.

பொறாமை என்று எழுதாதீர்கள். எனக்குக் காரணம் தெரியவில்லை, அதுதான் எரிச்சல். ஒரே லென்ஸ், ஒரே மேடை, ஒரே வெளிச்சம். இரண்டு விதமாக வந்தால் நடுவில் ஏதோ ஒன்று வேறாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒரே அச்சில் செய்தாலும் ஒரு லென்ஸ் போல் இன்னொன்று அமையாது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அவளுக்கு நல்ல பிரதி அமைந்துவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது ஸ்டிக்கர்களை மாற்றி ஒட்டினேன். ஒன்று இரண்டானது, இரண்டு ஒன்றானது. அவளுக்குத் தெரியாது. அடுத்த விழாவில் ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு அவளுடையது.

பிறகு கேமராக்களை மாற்றிக்கொண்டோம். "புதுசை நீ வெச்சுக்கோ, எனக்குப் பழசு பழகிப்போச்சு" என்றேன், சந்தோஷப்பட்டாள். பிறகு நிற்கிற இடத்தை மாற்றினேன். அவளை இடது பக்கம், தூணுக்குப் பின்னால் நிறுத்தினேன். தூணும் படத்துக்குள் அழகாக வந்து உட்கார்ந்துகொண்டது. கை நடுக்கத்தில் வித்தியாசம் இருக்குமோ என்று இரண்டு பேருமே ஸ்டாண்டில் வைத்து எடுத்தோம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன், கணக்கு வாத்தியார் மாதிரி.

கடைசியில் இரண்டு லென்ஸையும் எடுத்துக்கொண்டு ரிப்பேர்காரரிடம் போனேன். எங்கள் வட்டாரத்தில் அவரைத் திருப்புளி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி, சுவரில் ஒட்டியிருந்த கோட்டுப் படத்தை எடுத்துச் சோதித்தார்.

"ரெண்டும் ஒரே வயித்துல பொறந்தது மாதிரி இருக்கு சார். எனக்கே எது எதுன்னு தெரியல. நீங்க வீணா மண்டையைக் குழப்பிக்காதீங்க. பொருள்ல ஒண்ணுமில்ல, எடுக்கிற ஆள்தான்," என்றார்.

எடுக்கிற ஆள். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். கை இல்லை, அது ஸ்டாண்டில் கழிந்துவிட்டது. இடம் இல்லை. கேமரா இல்லை, லென்ஸ் இல்லை. கேமராவுக்குப் பின்னால் ஒரு ஆளிடம் வேறு என்ன பாக்கி இருக்கிறது? அவள் இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்க்கிறவள். மற்றது எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. அது ஒன்றைத்தான் மாற்றவில்லை.

அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு பள்ளியின் அறிவியல் மன்றம் சூரிய கிரகணத்தைப் படமெடுத்துத் தரச் சொன்னது. அதற்கென்று தனி ஃபில்டர் உண்டு. அதை மாட்டாமல் சூரியனைக் கேமரா வழியாகப் பார்க்கவே கூடாது. அதிலும் நான் இரண்டு வைத்திருந்தேன். அருவியை, அலையைப் புகை மாதிரி எடுக்க உதவுகிற சாதாரணக் கறுப்பு ஃபில்டர் ஒன்றும் இருந்தது. அதுவும் அதே அளவு வளையம்தான். அது வெளிச்சத்தைக் குறைக்கும். ஆனால் கண்ணைக் காப்பாற்றாது. இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

பை கட்டுவது எப்போதும் என் வேலை. முந்தின நாள் மாலை கட்டி வைத்தேன். காலையில் பள்ளி மொட்டைமாடியில் இரண்டு ஸ்டாண்டையும் நானே நிறுத்தி, இரண்டிலும் ஃபில்டரை நானே மாட்டினேன். நல்ல வெயில், கேமராவின் பின்திரையில் ஒன்றும் தெரியாது. அவள் எப்போதும் போலக் குனிந்து கண்ணை வைத்தாள்.

"என்னங்க, லேசாக் கூசுதே. ஃபில்டர் சரியா இருக்கா?"

"நான் மாட்டினது. சரியாத்தான் இருக்கும், பாரு."

"நீங்க மாட்டினதுன்னா சரிதான்," என்றாள்.

ஏறக்குறைய இருபத்தைந்து நிமிஷம் பார்த்தாள். அந்த மாதிரி காயத்தில் வலி தெரியாது என்று படித்திருந்தேன், அது உண்மைதான். அவள் ஒரு தடவைகூட முகத்தைச் சுளிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளோடு கிண்டல் பேசிக்கொண்டுதான் எடுத்தாள். மறுநாள் காலை செய்தித்தாளைப் பிரித்தவள், "எழுத்துக்கு நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி இருக்குங்க" என்றாள். நானேதான் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். வரிசையில் நின்றேன். வேளை தவறாமல் மருந்து விட்டேன். அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினேன் என்று அவளுடைய அக்காவே உங்களிடம் சொல்லியிருப்பாள். வலது கண்ணின் நடுப்பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது, அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் கல் இல்லை.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். சூரிய ஃபில்டர் கறுப்பு ஃபில்டரின் டப்பாவில் இருந்தது. ஒரு நீரூற்றைப் படமெடுக்கலாம் என்று டப்பாவைத் திறந்தவள் அதைப் பார்த்தாள். டப்பாவை என் மேசையில் திறந்தபடி வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். உங்கள் முன்னால் உட்கார்ந்து, "அவர் மறதியில மாத்தி வெச்சிருப்பார், வேணும்னு செய்யிற ஆள் இல்ல" என்று சொன்னாளாம். நீங்கள் அதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். பதினான்கு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள். நான் ஒரு டப்பாவையாவது மறதியில் மாற்றி வைத்ததை அவள் பார்த்திருக்கிறாளா? எப்படி அவளுக்கு மனசு வந்தது அப்படிச் சொல்ல?

மறதி இல்லை, மேடம். கறுப்பு ஃபில்டரை அவள் கேமராவில் மாட்டியது நான். தெரிந்துதான் மாட்டினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஏன் டப்பாவைத் திருத்தி வைக்கவில்லை என்றும் கேட்டீர்கள். சோதனை முடியவில்லை. முடிகிற வரை எதையும் நகர்த்தக் கூடாது.

முடிந்தது போன மாதம்தான். அவள் அக்கா வீட்டுக்குப் போவதற்குப் பத்து நாள் முன்னால், ஒரு பள்ளியில் நாடகம். வீட்டிலேயே இரு என்று சொன்னேன். "படம் எடுக்க ஒரு கண்ணு போதும்ங்க. எல்லாரும் ஒண்ணை மூடிட்டுத்தானே எடுக்கிறாங்க," என்று சிரித்தாள். இடது கண்ணை வைத்துப் பழகியிருந்தாள், எனக்குத் தெரியாமல். மூக்கு கேமராவில் இடிக்க, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. நான் ராஜாவையும் ராணியையும் எடுத்தேன். அவள் வசனத்தை மறந்துவிட்டு, திரைக்குப் பின்னால் நிற்கிற டீச்சரைப் பார்த்து விழித்த ஒரு காவல்காரச் சிறுமியை எடுத்தாள். ஃபோகஸ்கூட ஒரு மயிரிழை பிசகியிருந்தது. தலைமையாசிரியை அந்தப் படத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நாற்பது படத்தில் முப்பத்திமூன்று டிக் அவளுக்கு.

அதனால் கண் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. நான் அந்த முடிவை மறைக்கவில்லை, கவனியுங்கள். தப்பாக நினைத்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். திருப்புளி அண்ணனின் பேச்சைக் கேட்டது என் முட்டாள்தனம். அவர் சுவரில் ஒட்டின கோட்டுப் படத்தை வைத்துச் சோதித்தார், மனித முகத்தை வைத்துச் சோதிக்கவில்லை. லென்ஸில்தான் ஏதோ இருக்கிறது. இரண்டே இரண்டை வைத்துக்கொண்டு எது மோசம், எது நல்லது என்று எப்படித் தீர்மானிப்பது? ஒப்பிட மூன்றாவது ஒன்று வேண்டும். அவர் கடையிலிருந்து திரும்பிய அன்றே இன்னொன்று வாங்கிவிடலாம் என்று அவளிடம் சொன்னேன். அவள்தான் வேண்டவே வேண்டாம் என்றாள். அன்றைக்குச் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.