பின்லாந்துக்காரர்களுக்கு அறை இல்லை

— வாசல்லயே நின்னுக்கிட்டு நன்றி பாடாத ரான்ஹில்ட். செருப்ப கழட்டிட்டு உள்ள வா, குளிர் அடிக்குது.

— எப்படிக்கா சொல்லாம இருக்கறது? போன வியாழக்கிழமை உன் வீட்ல காபி குடிச்சேன். இன்னைக்கு உன்னப் பாத்ததும் முதல் வார்த்தையா அதச் சொல்லலேன்னா எங்கம்மா குழியிலேருந்து எழுந்து வந்து அறைவா. போன தடவைக்கு நன்றி, ஸிக்னே அக்கா. ம், சொல்லியாச்சு.

— இந்த ஒண்ணுலதான் உங்க நார்வேயும் எங்க சுவீடனும் ஒத்துப் போவுது. மத்ததெல்லாம் மலைக்கும் மடுவுக்கும்.

— மலை எங்களுது, மடு உங்களுது. சரி, அத விடு. சலவைக் கூடத்துல நீ ஒட்டின சீட்டப் பாத்தேன். மாடி அறை காலின்னு போட்ட, சரி. அதுக்குக் கீழ "பின்லாந்துக்காரர்களுக்கு அறை இல்லை"ன்னு கொட்டை எழுத்துல எதுக்கு?

— என் வீடு. என் பேனா.

— வருஷம் எழுபத்தொண்ணு ஆயிடுச்சு அக்கா! தொழிற்சாலையில பாதிப் பேரு அவங்கதான். பின்ன யாருக்கு விடப் போற, சந்திரனுக்குப் போயிட்டு வந்தவனுக்கா?

— கதவு தட்டற சத்தம் கேக்குது பாரு. திறந்துதான் இருக்கு, வாங்க! யாருப்பா நீ?

— அறை.

— அறைன்னா?

— மாடி அறை. சீட்டு பார்த்தேன்.

— சீட்ட முழுசாப் பாத்தியா? கீழ ஒரு வரி இருந்துச்சே.

— படிச்சேன்.

— படிச்சுட்டுமா வந்தே?

— ஆமா.

— ஐயோ அக்கா, கேட்டியா? மூச்ச உள்ள இழுத்துக்கிட்டே "ஆமா"ங்கறாரு! அப்படியே உன்ன மாதிரி. எங்க ஊர் மீன்காரனும் அப்படித்தான், மூச்சு முட்டிச் செத்துடுவானோன்னு பயந்துக்கிட்டே மீன் வாங்கணும். இவரு பின்லாந்துக்காரரே இல்ல. வைக்கோல் முடி, நீலக் கண்ணு, அச்சு அசல் எங்க பெரியண்ணன்.

— கன்னத்து எலும்பப் பாருடி. அந்த அகலம் உங்கண்ணனுக்கு ஏது? மூணு வருஷம் ஒரு பின்லாந்து மூஞ்சிய தெனமும் சோப்பு போட்டுக் கழுவினவ நான். எனக்குத் தெரியாதா?

— அப்ப சுவத்துல படமாத் தொங்கற உன் வீட்டுக்காரரப் பாரு. ஹில்டிங் மாமாவுக்கும் அதே கன்னந்தான்.

— அவரு ஏழு தலைமுறை சுவீடன் விவசாயி!

— ஏழுக்கு முன்னால எவ எவனோட வைக்கோல்ல படுத்தாளோ, யாரு கண்டா?

— வாயக் கழுவு. தம்பி, பேரு என்ன?

— லாய்தினென்.

— கேட்டியாடி? பேருக்குப் பின்னால "னென்"னு வாலு ஆடுது பாரு. பின்லாந்தேதான். தம்பி, உன் மேல எனக்குக் கோவம் இல்ல. அறை கிடையாது. ஆனா என் வாசப்படி ஏறினவன் காபி குடிக்காமப் போனான்னு பேர் வேணாம். உக்காரு.

— சரி.

— பாத்தியா, உக்காருன்னா உக்காந்துட்டான். எங்காளுங்க மூணு தடவ வேணாம்பாங்க.

— அது நல்லதுதானக்கா, காபி ஆறாது. தம்பி, ரொட்டி எடுத்துக்குங்க. இலவங்கப்பட்டை போட்டது, இந்த ஊர்லயே அக்கா கை ரொட்டிதான் ஒசத்தி. இவ்வளவு நல்ல ரொட்டி பண்றவ, பாவம், வாயத் தொறந்தா மிளகு. ஏன்க்கா, பின்லாந்துக்காரங்க உனக்கு அப்படி என்னதான் பண்ணாங்க? ஒன்பது வருஷமாப் பக்கத்து வீட்ல இருக்கேன், சொன்னதே இல்ல.

— இவன வெச்சுக்கிட்டா?

— அவரும் கேக்கட்டும். அறை இல்லைன்னா காரணமாவது தெரிய வேணாமா?

— உலகச் சண்டை நடந்துச்சுல்ல, பின்லாந்துல குண்டு விழுந்துச்சு. பின்லாந்துப் பிள்ளைங்கள ரயில் ரயிலா இங்க அனுப்பினாங்க. நாப்பத்து மூணு, மாசி மாசக் குளிரு. ஒவ்வொண்ணு கழுத்துலயும் ஒரு அட்டை, பேரும் ஊரும் எழுதி. எங்களுக்குப் புள்ள இல்ல. நானும் ஹில்டிங்கும் ஸ்டேஷனுக்குப் போனோம். பொட்டப் புள்ளைங்களா பொறுக்கி எடுத்துட்டாங்க. ஒரு பையன் மட்டும் மூக்கு ஒழுக நின்னான். அஞ்சு வயசு.

— ஐயோ, கண்ணு.

— முதல் ராத்திரி கட்டிலுக்கு அடியில படுத்தான். குண்டு விழும்னு பயம். ஹில்டிங்கும் கூடப் போய் அடியில படுத்தாரு, அவ்வளவு பெரிய உடம்ப வெச்சுக்கிட்டு. ரெண்டு பேரும் விடிய விடிய அங்கதான். ஒரு பாஷையும் ஒத்து வரல. நான் முதல்ல சொல்லிக் குடுத்ததே "போன தடவைக்கு நன்றி"தான். ஒருத்தர் வீட்ல நல்லா இருந்துட்டு வந்தா, அடுத்து அவங்கள எப்பப் பாக்கறியோ அப்ப முதல் வார்த்தை அதுதான்னேன். அந்தப் பைத்தியம் என்ன பண்ணிச்சு தெரியுமா? தெனமும் காலையில பால்காரர் வீட்டு வாசல்ல போய் நின்னு, முந்தின நாள் பாலுக்கு நன்றி சொல்லும்.

— அவன எனக்கு இப்பவே தூக்கி வெச்சுக்கணும் போல இருக்குக்கா.

— எனக்கு மட்டும் இல்லாமலா? ஆறு மாசத்துல என்னைய அம்மான்னான். ஒரு வருஷத்துல அவன் பாஷையே அவனுக்கு மறந்துடுச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களோட நிறுத்தினா எது பின்லாந்து, எது சுவீடன்னு பிரிக்க முடியாது. நாப்பத்தாறுல கடுதாசி வந்துச்சு. பெத்தவ கேக்கறா, அனுப்புங்கன்னு.

— அனுப்பித்தானே ஆகணும்.

— அனுப்பினேன். புதுக் கோட்டு தெச்சுப் போட்டு, ரொட்டி கட்டிக் குடுத்து, ஸ்டேஷன்ல நிக்கறேன். "ஒரு வார்த்தை சொல்லுடா அர்விட், அப்பாவுக்காவது நன்றி சொல்லுடா"ன்னு கெஞ்சறேன். வாயப் பூட்டிக்கிட்டு நிக்கறான், கல்லு மாதிரி. வண்டி கிளம்பறப்ப, "அடுத்த தடவை"ன்னான். அவ்வளவுதான்! பிச்சக்காரனுக்குச் சொல்ற மாதிரி, அடுத்த தடவைன்னு! அப்புறம் ஒரு கடுதாசி இல்ல, ஒரு கார்டு இல்ல. ஹில்டிங் சாகற வரைக்கும் தபால்காரன் வந்தா எட்டிப் பாப்பாரு. அன்னைலேருந்து அந்த ஊருக்காரன் முகமே எனக்கு வேணாம்.

— அக்கா, எட்டு வயசுப் புள்ள. மனசுல என்ன இருந்துச்சோ. எங்க ஊரப் பாரு, சண்டையில ஜெர்மன்காரன் எங்க நாட்டப் புடிச்சு வெச்சிருந்தப்ப உங்க சுவீடன் சூப்பு குடிச்சுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். நானும்தான் யாருக்கும் நன்றி சொல்லல. அந்தச் சூப்புல காரட்டு ஜாஸ்தின்னு குறை வேற சொன்னேன்.

— நீ பேசறதுக்குப் பதிலா அந்த சூப்ப இன்னும் கொஞ்சம் குடிச்சிருக்கலாம். ப்ச், அடுப்பு பொகையுது பாரு. காத்து மாறினா இதே ரோதனை. பொகைபோக்கி மூடிய நகத்தணும், என் கை எட்டாது.

— நான் நகத்தறேன்.

— நீ இருடா தம்பி, உனக்கு அது எங்க இருக்குன்னு... ஏய்!

— நின்னுடுச்சே! அக்கா, பொகை நின்னுடுச்சு. அலமாரிக்குப் பின்னால கைய விட்டு என்னமோ இழுத்தாரு.

— ரான்ஹில்ட், சும்மா இரு. தம்பி, அங்க ஒரு கம்பி இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா? அது ஹில்டிங் வெச்ச கம்பி. அலமாரிக்குப் பின்னால வெச்சவர் அவரு. ஒன்பது வருஷமா வந்து போற இவளுக்கே தெரியாது.

— அப்பா சொல்லிக் குடுத்தாரு. ரெண்டு விரல் அளவு இழு, முழுசா இழுத்தா நெருப்பு அணைஞ்சுடும்னு.

— உன் பேரு என்ன? முழுப் பேரு.

— ஆர்வோ லாய்தினென். லாய்தினென் எங்கம்மா ரெண்டாவது கட்டினவர் பேரு. இந்த வீட்ல அர்விட்.

— வந்து அரை மணி நேரமாச்சு! ஏன்டா சொல்லல?

— முன் பேர நீங்க கேக்கல.

— கேக்கலியாம்! அடப் படுபாவி, கேக்கலியாம்!

— ஐயோ அக்கா, உக்காரு, உக்காரு. இந்தா தண்ணி. எனக்கு அழுகையா வருது, எனக்கெதுக்கு வருது?

— இருபத்தஞ்சு வருஷம் அர்விட். ஒரு கார்டு போட உனக்குக் கை இல்லியா?

— அங்க இறங்கினப்ப எங்கம்மா பேசினது எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு வருஷம் ஊமையா இருந்தேன். அப்புறம் அவ பாஷை வந்துச்சு. உங்க பாஷை போயிடுச்சு. எழுத உக்காந்தா ஒரு வார்த்தை வராது. இந்த வருஷம் இங்க தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தாங்க, வந்தேன். பாஷை திரும்ப வரட்டும்னு பத்து மாசம் காத்திருந்தேன். தப்பில்லாம சொல்லணும்னு.

— என்னத்த சொல்லணும்?

— நேத்து வரத்தான் இருந்தேன். சலவைக் கூடத்துல சீட்டு பார்த்தேன். நீங்க என்னைய மறந்துட்டீங்க, இல்ல வெறுத்துட்டீங்கன்னு தோணிச்சு. அறை கேக்கற சாக்குல ஒரு தடவ பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்.

— மறக்கறதா! அந்தச் சீட்டே உன்ன நினைச்சுத்தானடா எழுதினேன், மடையா. அன்னைக்கு ஸ்டேஷன்ல மட்டும் உனக்கு சுவீடன் பாஷை நல்லா இருந்துச்சே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? "அடுத்த தடவை"ன்னியே, அது என்னடா பேச்சு?

— நீங்கதானம்மா சொல்லிக் குடுத்தீங்க, நன்றி அடுத்த தடவ பாக்கறப்பன்னு.

— நானா? நான் என்ன சொல்லிக்... இரு. இரு, இரு. ரான்ஹில்ட், அந்தத் தண்ணியக் குடு.

— என்னக்கா? ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு?

— ஒண்ணும் இல்ல. எழுந்திரு அர்விட். உன் பூட்ஸ எடு. வெளிய போ.

— அக்கா! உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு வந்த புள்ளைய விரட்டறியே! தம்பி, நீங்க போகாதீங்க, எங்க வீட்டுக்கு வாங்க, நான் அறை தரேன்.

— நீ வாய மூடு. அவனுக்குத் தெரியும். போடா, வெளிய போய்க் கதவச் சாத்து.

— சரி.

— போயிட்டாரேக்கா! தட்டுல கடைசி ரொட்டி கூட அப்படியே கிடக்கு, அவரும் நம்மள மாதிரியே எடுக்க வெக்கப்பட்டு விட்டுட்டாரு. உனக்கு என்ன மனசுக்கா?

— மூக்க உறிஞ்சாத, காது கேக்கல. தட்டறான் பாரு. திறந்துதான் இருக்கு! யாரு அது?

— போன தடவைக்கு நன்றி, அம்மா.