கந்தசஷ்டி நாலாம் நாள்

சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்:

"கந்தசஷ்டி விரதமெல்லே, மச்சாள். அதாலை எச்.ஐ.விக்குப் போடுற குளிசையையும் நாலு நாளாய் நிப்பாட்டிப்போட்டன்."

"விசரே உமக்கு?"

"கடைசி ரிப்போட்டிலை கிருமி தெரியேல்லை எண்டுதானே சொன்னவை?"

"குளிசை போட்டபடியால் தெரியேல்லை. கிருமி செத்துப்போகேல்லை. நோயைத் தடுக்கிற ரத்த அணுவுக்குள்ளை புகுந்து, அதின்ரை மரபு எழுத்தோடை தன்ரையையும் சேர்த்து எழுதிப்போட்டுப் படுத்திருக்கு. குளிசை அது பெருகிறதைத்தான் மறிக்குது. விட்டால் எழும்பி, அந்த அணுக்களையே அழிச்சுப்போடும்."

"இன்னும் ரண்டு நாள்தானே, மச்சாள்?"

"விரதம் உமக்கு. கிருமிக்கில்லை. கிளினிக்குக்கு அடிச்சுக் கேளும்."

இளையவர் கிளினிக் தாதியிடம் போனில் கேட்டார். "ஓம் மிஸ். ஓம், இப்பவே போடுறன்." குளிசை கைப்பையிலேயே இருந்தது.

மச்சாள் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். இளையவர் குளிசையை வாயில் போட்டு, போத்தலில் வாய் படாமல் அண்ணாந்தார். பஸ் குலுங்கித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

"வாய் வைச்சுக் குடியும். எச்சிலாலை உது தொத்தாது."

குடித்தார். மிச்சத் தண்ணீரை மச்சாளும் வாய் வைத்தே குடித்தார்.