சகலையின் கைவண்ணம்

இந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது, ஐயா. காலுக்கடியில் ஒரு காகிதத்தை மடித்து வைத்தால் நின்றுவிடும். நானே வைத்துவிடுவேன், உட்காரச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதால் உட்கார்ந்திருக்கிறேன். ஆடுகிற சாமானைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. என் பிழைப்பு அப்படி.

மாமனாரின் பில்லியர்ட்ஸ் கூடத்தை நானும் என் சகலையும் சேர்ந்து நடத்துகிறோம். மூத்த பெண்ணைக் கட்டியவன் நான், இளையவளைக் கட்டியவன் அவன். இருப்பதும் கூடத்துக்கு மேலே ஒரே வீடுதான். வேலையை நியாயமாகவே பிரித்துக்கொண்டோம். மேஜைகளின் பச்சைத் துணியைத் தூசி தட்டுவது, இஸ்திரி போடுவது, மட்டம் பார்ப்பது, கழிப்பறை அடைத்துக்கொண்டால் சரிசெய்வது எல்லாம் நான். கைதட்டல் வாங்குவது அவன்.

அவனிடம் ஒரு வித்தை இருந்தது. வெள்ளைப் பந்துக்கும் அது தொட வேண்டிய பந்துக்கும் நடுவே இன்னொன்று வழியை மறித்து நிற்கும். என்னைப் போன்றவர்கள் மேஜையின் ஓரக் கட்டையில் அடித்துத் திருப்பப் பார்ப்போம். அவன் ஸ்டிக்கின் பின்பக்கத்தை உயரத் தூக்கி, வெள்ளைப் பந்தின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு இறக்கு இறக்குவான். பந்து இடதுபக்கமாக விலகிப் போகும். குறி தப்பிவிட்டது என்று நாம் சந்தோஷப்படும் நேரத்தில், யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி வலப்பக்கம் திரும்பி, தடையைச் சுற்றிக்கொண்டு போய்த் தொட்டுவிடும்.

"சின்ன மாப்பிள்ளை கை பட்டா பந்துக்கே கண்ணு முளைச்சிருது" என்பார் மாமனார். நான் போட்ட இஸ்திரியைப் பார்க்க ஒருநாளும் மாடியிலிருந்து இறங்கி வராத என் மனைவி, அந்த அடியைப் பார்க்கத் தங்கையோடு இறங்கி வந்து நிற்பாள். கைதட்டுவாள். நன்றாகவே தட்டுவாள்.

நான் பொறாமைக்காரன் இல்லை. அப்படி இருந்தால் அவனிடமே போய்க் கற்றுக்கொடு என்று கேட்டிருப்பேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடம் நிறைய ஆள் இருக்கும்போதே கேட்டேன். அவனும் சந்தோஷமாக என் பின்னால் நின்று முழங்கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தான்.

"அண்ணே, முறைக்காதீங்க. பந்து எதிரி இல்ல. மெதுவா இறக்கிட்டு விட்டுருங்க, அதுவே திரும்பும்."

நான் இறக்கினேன். பந்து அசையவில்லை. பச்சைத் துணி கிழிந்து, ஸ்டிக்கின் முனை உள்ளே போயிருந்தது. கூடம் மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டது. மாமனார் உள்ளறையிலிருந்து வந்து யார் வேலை இது என்று கேட்டார்.

"நான்தான் மாமா கிழிச்சேன்" என்றான் என் சகலை, நான் வாயைத் திறப்பதற்குள்.

மாமனாருக்குக் கோபமே வரவில்லை. "உங்க கையால கிழிஞ்சா துணிக்குத்தான் மாப்பிள்ளை பெருமை" என்று அவன் தோளில் தட்டிவிட்டு, என்னிடம் திரும்பிப் புதுத் துணி போட்டுவிடச் சொன்னார். சகலை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். கேலியாக இருந்திருந்தால் விஷயம் அன்றோடு தீர்ந்திருக்கும்.

துணியை உரித்தபோது கீழே இருந்த கற்பலகைகளில் ஒன்று ஒரு மூலையில் இறங்கியிருப்பது தெரிந்தது. அந்தக் கல் நாலு ஆள் தூக்குகிற கனம். கடப்பாறையால் நெம்பி, இடுக்கில் அட்டைத் துண்டைச் செருகி மட்டம் செய்ய வேண்டும். நெம்ப ஒருவர், செருக ஒருவர். உதவிக்கு வரட்டுமா என்று அவனாகவே கேட்டான். நான் வற்புறுத்தவில்லை, இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"நான் நெம்பிப் பிடிச்சுக்கறேன். நீ கையை உள்ள விட்டு அட்டையை வை" என்றேன்.

கடப்பாறை வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். என் கையில் வியர்வை கூட இல்லை. அவன் வலக்கை முழுதாக உள்ளே போகும்வரை பிடித்திருந்தேன். அப்புறம் விட்டேன்.

"உங்க மேல தப்பில்லைங்க, அழாதீங்க" என்று மனைவி மூன்று நாள் என்னைத் தேற்றினாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அவ்வளவு கவனித்ததில்லை. பெண்டாட்டி சொல்வதை மறுத்துப் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை.

அத்தோடு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவன்தான் விடவில்லை. மடங்காத வலக்கையை மேஜைமேல் ஊன்றி, அதன்மேல் ஸ்டிக்கைச் சாய்த்து, இடக்கையால் அடித்துப் பழக ஆரம்பித்தான். சில மாதம் பந்துகள் கண்ட இடத்துக்கு ஓடின. பார்க்கவே ஆறுதலாக இருந்தது. போன வாரம் ஒருநாள் பந்து வளைந்தது. முன்பைவிட அழகாக வளைந்தது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி கைதட்டினாள்.

மறுநாள் காலை கூடத்தின் இரும்பு ஷட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே படியில் விழுந்த பூட்டை எடுக்கச் சொன்னேன். குனிந்து இடக்கையைப் படியில் நீட்டினான். ஷட்டரை நான் விடவில்லை, ஐயா. இழுத்தேன். விட்டேன் என்று எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தனியாக விசாரித்திருக்கிறார். இவனோ, "அண்ணன் மேல தப்பில்ல, நான்தான் கவனிக்காம கையை வெச்சேன்" என்று சொல்லியிருக்கிறான். கல் விழுந்தபோதும் இதையே சொன்னானாம். வீடே அவன் பெருந்தன்மையைப் பேசி உருகுகிறது. அதைக் கேட்ட பிறகுதான் நானே கிளம்பி இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். செய்தது நான். பெயர் வாங்குவது அவனா?

அவனை நான் வெறுக்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மூன்று வேளையும் அவனுக்கு ஊட்டிவிடுவது நான்தான். வாய் துடைப்பது, சட்டை மாட்டிவிடுவது எல்லாம் நான்தான். வேறு யார் ஊட்டினாலும் அவனுக்குச் சரிப்படாது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், ஐயா. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் எனக்காகக் காத்திருப்பான்.