சம்பந்தி கொடுத்த ஆட்டுக்கண்

– காலை ஆட்டாதீங்க. பெஞ்சே நடுங்குது.

– நானா ஆட்டுறேன்? பயத்துல தானா ஆடுது, புருல்சா. ஒத்தைக் கண்ணனை நம்பி எவன் லாரி குடுப்பான்? கணவாய் வளைவுல லாரியைக் கவுத்துருவான்னு சிரிப்பானுங்க.

– அதான் இன்னைக்குக் கண்ணுல ஊசி போடப் போறாங்களே. ரத்த ரிப்போர்ட் நல்லா வந்தா உடனே போட்டுருவேன்னு டாக்டரம்மா சொல்லல?

– ரிப்போர்ட்டா! அதுல இருக்கறது உன் ரத்தம்டி.

– மெதுவா பேசுங்க! வெறும் வயித்துல வரணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. சம்பந்தி வீட்டு விருந்துல விடிய விடியக் கொழுப்பு தின்னது யாரு?

– சம்பந்தி நம்ம வழக்கப்படி வெந்த ஆட்டுக்கண்ணை அறுத்து, 'உன்னை அடிக்கடி பாக்கணும்'னு என் கையில குடுக்கறாரு. கண்ணு மங்குன ஆளுக்குக் கண்ணைக் குடுத்தா வேண்டாம்னு சொல்ல முடியுமா? மக வாழப்போன வீடு.

– அதுக்குத்தான் நேத்து நான் கையை நீட்டுனேன். வாய்ப்புண்ணால விருந்துல நான் ஒரு வாய் தொடல. ரத்தம் எடுக்க ஊசி குத்துனது என் சித்தப்பா மக, மூச்சு விட மாட்டா. பிஷ்கெக்லேருந்து டாக்டரம்மா மாசத்துக்கு ஒரு நாள்தான் நம்ம நரின் ஆஸ்பத்திரிக்கு வராங்க. இதை விட்டா உங்க கண்ணு அவ்வளவுதான்.

– அதுவும் சரிதான். நீ கல்லு மாதிரி இருக்க. டீயைக் குடி, எவ்வளவு நேரம் ஆத்துவ?

– உப்பு டீ புண்ணுல பட்டா எரியுதுங்க.

– சோரோன்பெக் அண்ணே! உள்ள வாங்க. அக்கா, நீங்களும் வாங்க.

– வணக்கம், டாக்டரம்மா.

– உக்காருங்க. வலது கண்ணைப் பொத்துங்க அண்ணே. எதிர் சுவத்துக் காலண்டர்ல என்ன தெரியுது?

– குதிரை. ஆனா தலை இல்ல. போன வாரம்னா தலையும் மங்கலாவாவது தெரிஞ்சிருக்கும்.

– நல்ல செவலைக் குதிரை, பளிச்சுனு இருக்கு! இவருக்கு மட்டும் தலை இல்லையாம், பாவம்.

– சரி, கையை எடுங்க. அண்ணே, ரிப்போர்ட்டைப் பாத்துட்டேன். எனக்கே பயமா இருக்கு.

– ஐயோ, ஏன் டாக்டரம்மா? நல்லாத்தானே இருக்கணும்?

– அக்கா, ரத்தம் கண்ணாடிக் குழாய்ல இறங்கற வேகம் இருபதைத் தாண்டக் கூடாது. இது தொண்ணூறு. வீக்கத்தைக் காட்டற இன்னொரு அளவு பத்து மடங்கு ஏறிக் கிடக்கு. ரத்தக்குழாயெல்லாம் உள்ளுக்குள்ள புண்ணாகுது. கண்ணுக்குள்ள இருக்கற சின்னக் குழாய்ங்க முதல்ல அடைபடும்.

– தப்பா இருக்கும். எந்திரம் கோளாறா இருக்கும்!

– ரெண்டு தடவை போட்டுப் பாத்தாச்சு அக்கா. அண்ணே, இப்படி ரத்தக்குழாய் புண்ணாகறவங்களுக்கு வாய்லயும் புண்ணு வரும். உங்களுக்கு அப்படி வந்து வந்து போகுமா?

– எனக்கா? எனக்கு வந்ததே... புருல்சா.

– சும்மா இருங்க.

– புருல்சா, உனக்கு எத்தனை நாளா புண்ணு?

– சும்மா இருங்கன்னு சொல்றேன்ல! டாக்டரம்மா, இவரு பயத்துல உளறுறாரு. நீங்க ஊசியைப் போடுங்க.

– ஊசி கிடக்கட்டும்டி! டாக்டரம்மா, என்னைச் செருப்பால அடிங்க. நான் வயிறு முட்டத் தின்னுட்டேன்னு என் பேருல இவ ரத்தம் குடுத்தா. அது இவ ரத்தம்.

– என்ன சொல்றீங்க? இது நல்லா வந்திருந்தா, இதை நம்பி இன்னைக்கு உங்க கண்ணுல ஊசி ஏத்தியிருப்பேனே! அறிவிருக்கா ரெண்டு பேருக்கும்?

– திட்டுங்க, எவ்வளவு வேணா திட்டுங்க. முதல்ல இவளைப் பாருங்க. இவளுக்கு அடிக்கடி புண்ணு வரும். மூட்டு வலின்னு ராத்திரி முனகுவா. நான்தான் வயசாச்சுன்னு கிண்டல் பண்ணுவேன்.

– எனக்கு ஒண்ணும் இல்ல! ஊசியில நூல் கோக்கறேன், மலை மேல நிக்கற ஆட்டை எண்ணறேன். என் கண்ணுக்கு என்ன கேடு? இவரோட ஊசியைக் கெடுத்துராதீங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

– அண்ணனுக்குப் புதுசா ரத்தம் எடுப்போம், நாளைக்கும் இருந்து பாத்துட்டே போறேன். நீங்க அழாதீங்க அக்கா. இந்த நோய் கண்ணுல வலிக்காது. ஒரு கண்ணு போறதை இன்னொரு கண்ணு மறைச்சுரும். ஒவ்வொரு கண்ணா என்னைக்காவது பொத்திப் பாத்திருக்கீங்களா?

– எதுக்குப் பொத்தணும்? எனக்குத்தான் எல்லாம் தெரியுதே.

– இங்க நில்லுங்க. இடது கண்ணைப் பொத்துங்க. குதிரை தெரியுதா?

– தெரியுது. தலை, வாலு, பிடரி எல்லாம் தெரியுது. நான் சொல்லல?

– நல்லது. இப்ப வலது கண்ணைப் பொத்துங்க. அந்தக் காலண்டரைப் பாத்துச் சொல்லுங்க.

– எந்தக் காலண்டர்?