செம்பாக்கம் பிரவுசிங் சென்டரின் ஷட்டரை இறக்கிப் பூட்டியது குறித்து

பெயர் துர்கா, வயது 36, கணவர் பெயர் ரங்கன், செம்பாக்கம் ஏரிக்கரை அருகில் வாடகை வீடு. 2006 ஆகஸ்டில் விசாரித்தபோது கூறியது:

நான் செம்பாக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தி வருகிறேன். கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவர் முடிச்சூர் குணா. என்னை அக்கா என்று கூப்பிடுவார்.

கடந்த திங்கட்கிழமை, என் கடைக்கு வழக்கமாக வரும் ஜெரூஷா என்ற பெண் உள்ளே வராமல் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். இவர் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். யாரோ தன் ஈமெயில் பாஸ்வேர்டைத் திருடி, நிச்சயித்த மாப்பிள்ளைக்கு அனுப்பியிருந்த போட்டோக்களை எடுத்துக்கொண்டு, சொன்ன இடத்துக்குத் தனியாக வராவிட்டால் சர்ச்சில் எல்லோருக்கும் அனுப்புவதாக மிரட்டுகிறார்கள் என்றும், ஆபீசில் மெயில் திறக்க விடமாட்டார்கள் என்பதால் என் கடையில் மட்டுமே திறந்ததாகவும் கூறினார். துப்பட்டா நுனியை விரலில் இறுக்கிச் சுற்றியதில் விரல் வெளுத்திருந்தது. புகார் கொடுக்கலாம் என்றேன். "போலீஸ் வேணாம்க்கா, கல்யாணம் நின்னுடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் குணாவிடம் சொல்லாமல், தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் அசரியா என்பவரை அழைத்து வந்து காட்டினேன். ஜெரூஷா உட்காரும் கம்ப்யூட்டரில் ஒரு திருட்டு புரோகிராம் வைரஸ் போல ஒளிந்திருப்பதாகவும், தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிந்து ஒரு ஈமெயிலுக்கு அனுப்புவதாகவும் அவர் கூறினார். அவர் காட்டிய அந்த ஈமெயில் முகவரி குணாவுடையது. "எதையும் அழிக்க விடாதீங்க, இதான் சாட்சி" என்று சொல்லி, நெட் ஒயரைக் கழற்றிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் புகார் கொடுக்கக் கிளம்பும்போது குணா வந்தார். தகவல் வருவது நின்றதால்தான் வந்திருக்க வேண்டும். "எல்லா மெஷின்லயும் வைரஸ் பூந்துகினு கீதுக்கா, ஃபார்மேட் அடிச்சிடறேன்" என்று அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சிடியைப் போட்டார். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருக்கும் சாட்சி எல்லாம் அழிந்துவிடும். கடையில் வேறு யாரும் இல்லை. டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்து, மாடிப்படிக்குக் கீழே உள்ள மெயின் சுவிட்சை அணைத்து, ஷட்டரை இழுத்து இறக்கினேன். பூட்டு சட்டென்று மாட்டவில்லை. அவர் உள்ளிருந்து ஷட்டரைத் தூக்கப் பார்த்தார். காலால் மிதித்துக்கொண்டு பூட்டினேன்.

அதன் பிறகு சற்றுத் தள்ளி நின்று செல்போனில் 100-க்கும், ஜெரூஷாவுக்கும் தகவல் சொன்னேன். குணா ஷட்டரை உதைத்தார். நான் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு உதையும் என் முதுகில் விழுந்தது. கூட்டம் கூடியது. பக்கத்துக் கடை எல்லம்மா, "மூச்சு முட்டிப் பூடப் போவுது, தொறந்து வுடும்மா" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. பிறகு உதை நின்றது. குணா மெதுவாக, "அக்கா, ஜெரூஷா மேட்டர் தானே? போட்டோ எல்லாத்தையும் அழிச்சிடறேன், வுட்டுடுக்கா" என்றார். அதுவரை நான் அவரிடம் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. எல்லம்மாவும் அதைக் கேட்டார். அதற்கு மேல் திறக்கச் சொல்லவில்லை.

அதன் பிறகு சப்-இன்ஸ்பெக்டர் வந்து, பாதிக்கப்பட்ட பெண் யார் என்று கேட்டார். அத்தனை பேர் முன்னால் பெயரைச் சொல்ல மறுத்தேன். அப்போது ஆட்டோவில் வந்து இறங்கிய ஜெரூஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "நான்தான் சார். ஜெரூஷா, அப்பா பேர் லாசரஸ். எழுதிக்கோங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதன் பிறகே நான் எழுந்து சாவியைக் கொடுத்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நடந்தது இதுவே.

(ஒப்பம்) ர. துர்கா